போக்கிமான்: ஆஷ் கூட நடந்த குழுக்கள்ல எது நிஜமான குழு?

விரிடியன்_வழிப்போக்கன்:

போக்கிமான் கார்ட்டூன்ல ஹீரோ ஆஷ் கூட நடக்குற பயணக் குழு பத்தி எங்க பேச ஆரம்பிச்சாலும் கடைசில ஆஷுக்கு யாரு ஜோடிங்கிற சண்டைலயே போய் நிக்குது. இந்த த்ரெட்ல அது வேணாம். நான் கேக்குறது வேற. மூணு நாலு பேரு சேந்து வருஷக்கணக்கா ஊர் ஊரா நடக்குறாங்க, ஒண்ணா சாப்பிடுறாங்க, ஒரே நெருப்பைச் சுத்தித் தூங்குறாங்க, பிரியும்போது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு என்ன போய்ச் சேந்திருக்கு? அதை வெச்சுப் பாத்தா என்னைப் பொறுத்தவரை சின்னோங்கிற பகுதில நடந்த குழு தான் முதல்ல நிக்கும். ஆஷ், டான், ப்ராக். 2006ல ஆரம்பிச்சு 2010 வரைக்கும் ஓடின டைமண்ட் அண்ட் பேர்ல் காலம்.

ஏன்னு சொல்றேன். ஆஷோட ஏய்பாம்ங்கிற போக்கிமானுக்கு ஜிம் சண்டையை (ஜிம் லீடரை ஜெயிச்சு பேட்ஜ் வாங்குறது) விட கான்டெஸ்ட் மேடை (போக்கிமானை அழகா ஆட வெச்சு ரிப்பன் ஜெயிக்குற போட்டி) தான் பிடிச்சிருந்துச்சு. டானோட பூய்செலுக்கு மேடை ஆட்டம் சுத்தமா ஒத்து வரல, அது எப்பப் பாத்தாலும் சண்டைக்கு அலைஞ்சுட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் யோசிச்சு மாத்திக்கிட்டாங்க. அந்த ஒரு விஷயத்துக்குப் பின்னாடி எவ்வளவு நம்பிக்கை இருக்குன்னு பாருங்க, தான் பிடிச்ச போக்கிமானை, கூட வளந்ததை, இன்னொருத்தி கையில குடுக்குறான், அவளும் குடுக்குறா, ஏன்னா ரெண்டும் தினமும் கண்ணு முன்னாடி தான் இருக்கப் போகுது. பிரிவே இல்லாத ஒரு பரிமாற்றம். வேற எந்தக் குழுவுலயும் இது நடக்கல.

அடுத்து ஃபான்டினா ஜிம். ஹிப்னாசிஸ்ல மாட்டி ஆஷ் தோத்துட்டு வர்றான். அதுக்கு பதில் தேடும்போது டான் கான்டெஸ்ட்டுக்காகப் பழகிட்டு இருந்த சுத்திக்கிட்டே விலகுற டெக்னிக்கை எடுத்து, சுத்திக்கிட்டே தாக்குற மாதிரி மாத்தி கவுன்ட்டர் ஷீல்டு ஆக்குறான். பூய்செல் படுத்துச் சுழலும்போது தண்ணி எல்லாப் பக்கமும் சாட்டை மாதிரி பறக்கும், தடுப்பும் அதுதான் அடியும் அதுதான். மேடைல அழகுக்காகப் பிறந்த அசைவு ஜிம்ல ஆயுதமா மாறுது. அந்தப் பக்கம் டான் ஹார்ட்ஹோம் கான்டெஸ்ட்லயும் சொலேசியான் கான்டெஸ்ட்லயும் அடுத்தடுத்து முதல் ரவுண்டுலயே வெளிய போய் நொறுங்கிக் கிடந்தப்போ, ஆஷோட எதிராளி பால்ங்கிறவன்கிட்ட மோசமா தோத்துத் தன் மேலயே நம்பிக்கை போன ஜிம் லீடர் மேய்லீனை ஜிம் சண்டைக்குக் கூப்பிட்டு நிக்குறா. தோத்தவ இன்னொரு தோத்தவளைத் தூக்கி விடுறா. சண்டை போடுறதுங்கிறதை ஆஷ் பக்கத்துல இருந்து பாத்துப் பாத்து வந்த தைரியம் அது.

இன்னொண்ணு சின்ன விஷயம் தான் ஆனா எனக்கு ரொம்பப் பிடிக்கும். ப்ராக் போக்கிமான் சென்டர்ல (போக்கிமான் ஆஸ்பத்திரி) எந்த ஊர் நர்ஸ் ஜாயைப் பாத்தாலும் மண்டியிட்டு காதல் சொல்லுவான்ல, அவனை யாரு இழுத்துட்டுப் போறாங்கன்னு கவனிச்சா அந்தக் குழு எப்படிப்பட்டதுன்னே தெரிஞ்சிரும். முதல்ல மிஸ்டி காதைப் பிடிச்சு இழுப்பா, கோவத்தோட. அப்புறம் ஹோயன் பகுதில கூட வந்த மேயோட தம்பி மேக்ஸ் அதே காதை இழுப்பான், ஏழு வயசுப் பையன் பெரியவனை இழுத்துட்டுப் போவான். சின்னோல ப்ராக்கோட போக்கிமான் க்ரோகங்க் வந்து ஒரே ஒரு பாய்சன் ஜாப், ஒரு வார்த்தை பேசாம தரையோட இழுத்துட்டுப் போயிரும். கலோஸ் பகுதி வந்தப்போ அது அப்படியே தலைகீழ், தங்கச்சி பானி அண்ணனுக்காகப் பொண்ணு கேப்பா, அண்ணன் க்ளெமாண்ட் ஏய்பாம் கைன்னு ஒரு மெஷினை வெச்சு அவளை அலேக்கா தூக்கிட்டுப் போவான்.

நீங்க சொல்லுங்க. எந்தக் குழு, ஏன். "சின்ன வயசுல பாத்தது அதனால பிடிக்கும்"னு மட்டும் சொல்லாதீங்க, காரணம் வேணும்.


கேஸ்கேட்_நீலம்:

ப்ரோ உங்க அளவுகோலையே எடுத்துக்குறேன், ஆனா பதில் வேற வருது. முதல் குழு தான். 1997ல ஆரம்பிச்ச ஆஷ், மிஸ்டி, ப்ராக்.

சின்னோல டான் ஆஷை விட்டுக் கொடுக்க மாட்டா, மதிப்பா, அவன்கிட்ட கத்துக்குவா, எல்லாம் சரி. ஆனா அப்போ ஆஷ் ஏற்கனவே பல லீக் பாத்த ஆளு. அவனைத் தப்புன்னு முகத்துக்கு நேரா சொல்ல ஆள் கிடையாது. முதல் பகுதியான கான்டோல பாருங்க, இவனுக்கு ஒண்ணுமே தெரியாது, கூட வர்ற ரெண்டு பேருமே ஜிம் லீடருங்க. அதாவது குழுவுலயே கத்துக்குட்டி ஹீரோ தான். பின்னாடி வந்த எந்த சீசன்லயும் இந்த அமைப்பு திரும்ப வரவே இல்ல, அதைக் கவனிச்சீங்களா? ஹோயன்ல இருந்து கூட வர்ற பொண்ணு புதுசு, ஆஷ் பழைய ஆளு, அவன் சொல்லித் தருவான். மிஸ்டிக்கு இவன் எதுவும் சொல்லித் தரல. அவ இவனைத் திட்டுவா, இவன் திருப்பித் திட்டுவான், ரெண்டு பேரும் மூணு நிமிஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு அப்புறம் சேந்து ஓடுவாங்க. சமமான ஆளுங்களுக்கு நடுவுல தான் அப்படிச் சண்டை வரும். அடுத்த பகுதியான ஜோட்டோல டோட்டோடைல் போக்கிமானை யாரு பிடிச்சதுன்னு தகராறு வந்து ரெண்டு பேரும் மோதியே தீத்துக்கிட்டது ஞாபகம் இருக்கா, ஆஷ் ஜெயிச்சான், மிஸ்டிக்கு வயிறு எரிஞ்சுச்சு, ஆனாலும் மறுநாள் ஒண்ணா தான் நடந்தாங்க.

அப்புறம் அந்த சைக்கிள். முதல் எபிசோட்ல ஸ்பியரோ கூட்டம் துரத்த, அடிபட்ட பிகாச்சுவைக் காப்பாத்த மிஸ்டியோட சைக்கிளை எடுத்துட்டு ஓடுறான், அது பிகாச்சுவோட மின்னல்ல கருகிப் போகுது. "என் சைக்கிளுக்குக் காசு குடுக்குற வரைக்கும் விட மாட்டேன்"னு கூட வர்றா. ஒரு நூறு எபிசோட் தாண்டியும் அந்தக் காரணம் அப்படியே நிக்குது, அவளுக்கும் தெரியும் அது வெறும் சாக்குன்னு, இவனுக்கும் தெரியும். கடைசில விரிடியன் நர்ஸ் ஜாய் அதை சரி பண்ணி வெச்சிருக்காங்க, சைக்கிள் திரும்பக் கிடைக்குது, அதே சமயம் அக்காங்க மூணு பேரும் ஊர் சுத்தக் கிளம்பிட்டதால செருலியன் ஜிம்மை இவ தான் பாத்துக்கணும். கூட இருக்குறதுக்கு இருந்த ஒரே சாக்கும் போச்சு, வீட்டுக் கடமையும் வந்துருச்சு. சைக்கிளை வெச்சுக்கிட்டு அவ நிக்குற நிலைமையை நினைச்சுப் பாருங்க. நான் பாத்த கார்ட்டூன்லயே இவ்வளவு கச்சிதமா கட்டின பிரிவு இல்ல.

மே, டான் ரெண்டு பேர் சைக்கிளையும் பிகாச்சு எரிச்சுச்சு தான், ஆனா அது முதல் குழுவுக்கு வெச்ச மரியாதை, அவ்வளவு தான், கதையைத் தூக்கிட்டுப் போகல.


ரிப்பன்_ராணி:

நீலம் சொன்ன அந்த "சமம்" விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு ஆனா ஹோயனை "ஆஷ் சொல்லித் தருவான்"னு ஒரே வரில தாண்டிப் போனது நியாயமே இல்ல.

மே யாருன்னு பாருங்க முதல்ல. பெட்டல்பர்க் ஜிம் லீடர் நார்மன் பொண்ணு. எல்லாரும் இவ பெரிய ட்ரெய்னரா வருவான்னு நினைச்சுட்டு இருக்காங்க, அவளுக்கோ போக்கிமான்லயே இஷ்டம் இல்ல. ஊர் சுத்தணும், புது இடம் பாக்கணும், அதுக்கு டார்ச்சிக்னு ஒரு குட்டிப் போக்கிமான் கிடைச்சா போதும். அப்படி வந்த பொண்ணு கான்டெஸ்ட்னு ஒண்ணைப் பாத்துட்டு இது தான் என்னோடதுன்னு கண்டுபிடிக்குறா. இந்தத் தொடர்ல முதல் தடவையா கூட வர்றவளுக்குன்னு தனி ரிப்பன், தனி எதிராளி ட்ரூ, தனி க்ராண்ட் ஃபெஸ்டிவல் (ரிப்பன் ஜெயிச்சவங்க மோதுற பெரிய போட்டி). அது வரைக்கும் ஆஷ் எந்த ஊருக்குப் போகணுமோ அங்க தான் மத்தவங்களும் போவாங்க. ஹோயன்ல இருந்து தான் ஒரு ஊருக்கு ஜிம்முக்காகப் போவாங்க அடுத்த ஊருக்கு கான்டெஸ்ட்டுக்காகப் போவாங்க, வழியையே ரெண்டு பேரு சேந்து முடிவு பண்ற நிலைமை வந்துச்சு. வழிப்போக்கன் அண்ணா கொண்டாடுற டான் நடந்த பாதை மே போட்டது.

மேக்ஸ் பத்தி யாரும் பேசவே மாட்டேங்கிறீங்க. கண்ணாடி போட்ட குட்டிப் பையன், எல்லா போக்கிமான் விவரமும் மனப்பாடமா சொல்லுவான், ஆனா வயசு பத்தாததால சொந்தமா ஒண்ணு கூட வெச்சுக்க முடியாது. அத்தனை வருஷம் கூட நடந்தும் தனக்குன்னு ஒரு போக்கிமான் இல்லாமலே வீடு திரும்பினவன் அவன் தான். ஆஷ் நார்மனை ஜெயிச்சப்போ அப்பா தோத்ததைத் தாங்க முடியாம பேட்ஜை எடுத்துக்கிட்டு ஓடிப் போவான் பாருங்க, அந்த இடத்துல எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏன்னா அவனுக்கு ஆஷும் ஹீரோ, அப்பாவும் ஹீரோ. குழுவுக்குள்ள ஒருத்தன் ஜெயிச்சா இன்னொருத்தனுக்கு வலிக்கும்ங்கிறதை இந்தத் தொடர் அவ்வளவு நேரடியா காட்டினது அங்க தான். ஜிம் சண்டை முடிஞ்சா கை தட்டுறதுக்குன்னே கூட்டாளிங்களை வெச்சிருக்குற சீசன் எத்தனை இருக்கு.

அப்புறம் டெரகோட்டா. ஆஷும் மேயும் சும்மா ஒரு ஊர்த் திருவிழா கான்டெஸ்ட்ல நேருக்கு நேர், ஆஷோட செப்டைல் எதிர்ல மேயோட ப்ளேசிகன், டிரா ஆயிருது, பரிசு ஒண்ணே ஒண்ணு. செப்டைல் அதை ரெண்டா வெட்டிக் குடுக்கும். ஆளுக்குப் பாதி. டானும் ஆஷும் போக்கிமான் மாத்திக்கிட்டது பெருசுன்னா இதுவும் பெருசு தான். பிரியுறதுக்கு முன்னாடி, ஒருத்தர் உலகத்துல இன்னொருத்தர் இறங்கி, யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்காம மோதி, சமமா நின்னாங்க. நீலம் கேட்ட சமம் அதுல இருக்கு. முதல் நாள் ஒண்ணும் தெரியாம வந்தவ கடைசி நாள் சமமா நின்னதுங்கிறது முதல்லயே சமமா இருக்குறதை விட எனக்குப் பெருசா தெரியுது.


விரிடியன்_வழிப்போக்கன்:

ராணி, டெரகோட்டா பத்தி சொன்னதுக்கு எதிர் வார்த்தை இல்ல, அது ரொம்ப நல்ல எபிசோட். மே அதுக்கப்புறம் ஜோட்டோவுக்குத் தனியா கிளம்பினதும் எனக்குப் பிடிக்கும், வால்லஸ் கப் கான்டெஸ்ட் ஃபைனல்ல திரும்ப வந்து டான் எதிர்ல நின்னு தோத்ததும் பிடிக்கும், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைகிட்ட மேடையை விட்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சு.

ஆனா ஹோயன்ல ப்ராக் என்ன பண்ணான்னு சொல்லுங்க. சமைச்சான், துணி துவைச்சான், வழி சொன்னான். முதல் குழுவுல வந்தப்போ அவனுக்கு ஒரு சுமை இருந்துச்சு, பத்துத் தம்பி தங்கச்சிங்களை ஒத்தையா வளத்தவன், அப்பா ஃப்ளின்ட் திரும்ப வந்ததால தான் வீட்டை விட்டே வெளிய வர முடிஞ்சுச்சு. அந்த ஆளை ஹோயன் வெறும் சமையல்காரனா வெச்சிருந்துச்சு. சின்னோ தான் கடைசில அவனுக்குன்னு ஒரு முடிவு குடுத்துச்சு. விஷம் ஏறின போக்கிமான்களை, டாக்டர் இல்லாத இடத்துல, கைல இருக்குறதை வெச்சுக் காப்பாத்துற எபிசோட், அங்க அவனோட ஹாப்பினி சான்சியா மாறும், அதுல இருந்து போக்கிமான் டாக்டர் ஆகணும்னு முடிவு எடுப்பான். 1997ல இருந்து எல்லாருக்கும் சோறு போட்டவன் பத்து வருஷம் தாண்டி தனக்குன்னு ஒரு பாதையை எடுக்குறான். ஒரு குழு தன்னோட மூத்தவனையும் வளர விட்டுச்சுங்கிறது சாதாரண விஷயம் இல்ல.


கலோஸ்_கார்த்தி:

எல்லாரும் பழசையே பேசிட்டு இருக்கீங்க, 2013ல வந்த எக்ஸ் ஒய் தொடரோட கலோஸ் குழுவை யாராவது தொடுவீங்கன்னு பாத்தேன், ஏய்பாம் கையோட நின்னுட்டீங்க.

ஆஷ், செரீனா, க்ளெமாண்ட், பானி, நாலு பேருமே முழு ஆளுங்க அதுல. க்ளெமாண்ட் லூமியோஸ் ஜிம் லீடர், தான் செஞ்ச க்ளெம்பாட் ரோபோ தன்னையே ஜிம்மை விட்டுத் துரத்திட்டதால மறைஞ்சு மறைஞ்சு திரியுறான், அதை ஆஷ்கிட்ட முதல்ல சொல்லவே இல்ல. அப்புறம் ஜிம்மை மீட்டதும் நாலு பேட்ஜ் எடுத்துட்டு வா நான் மோதுறேன்னு வாக்கு குடுத்துட்டு அதே ஆளு கூடவே நடக்குறான். கூடவே நடக்குற ஜிம் லீடர்! ஆஷோட ஒவ்வொரு போக்கிமானும் என்ன பண்ணும்னு அவனுக்குத் தெரியும், அவனோட லக்ஸ்ரே எப்படி வளந்துச்சுன்னு ஆஷுக்குத் தெரியும். கடைசில ஆஷோட குட்ரா எதிர்ல லக்ஸ்ரே, அந்த சண்டைல ஒருத்தரும் கோவப்படல, ரெண்டு பேர் முகத்துலயும் சிரிப்பு. எத்தனையோ ஜிம் சண்டை பாத்திருக்கோம், எதிர்ல நிக்குற ஆளை இவ்வளவு தெரிஞ்சு மோதின சண்டை வேற இல்ல. மிஸ்டி கூட செருலியன்ல மோதினது பாதிலயே வில்லன் கூட்டம் டீம் ராக்கெட் வந்து கெடுத்துட்டாங்க, பேட்ஜ் அக்காங்க தூக்கிக் குடுத்தது தானே.

செரீனா ஆஷையே பாத்துட்டு நிக்குறான்னு சொல்லுவாங்க. அந்தப் பனிக்காட்டு எபிசோடைப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஜிம் லீடர் வுல்ஃப்ரிக் கிட்ட தோத்துட்டு, தன் போக்கிமான் க்ரெனிஞ்சா கூட ஒத்துப் போக முடியலன்னு ஆஷ் தனியா காட்டுக்குள்ள போய் உக்காந்துடுறான். செரீனா தேடிப் போறா, ஆறுதல் சொல்ல வர்றா, இவன் "உனக்கு என்ன தெரியும்"ங்கிற மாதிரி எரிஞ்சு விழுறான். அவ அழுதுட்டுப் போகல. கீழ கிடக்குற பனியை அள்ளி உருண்டை பிடிச்சு அவன் மேல எறியுறா, எறிஞ்சுக்கிட்டே கத்துறா, நீ எனக்குத் தெரிஞ்ச ஆஷே இல்லன்னு. ஒண்ணு ரெண்டு இல்ல, எறிஞ்சுட்டே இருக்கா. சின்ன வயசுல ப்ரொஃபசர் ஓக் கேம்ப்ல முழங்கால்ல அடிபட்டு அழுதுட்டு இருந்த பொண்ணு அவ, இவன் தான் கைக்குட்டை கட்டி விட்டு "கடைசி வரைக்கும் விட்டுடாத"ன்னு சொன்னவன். அவன் சொன்னதை அவனுக்கே திருப்பிக் குடுத்துட்டு ஓடிட்டா. வழிப்போக்கன் கேட்டீங்களே, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு என்ன போச்சுன்னு, இதை விட நேரடியா ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

செரீனா ஷோகேஸ்ல (போக்கிமானோட மேடையேறி ஆடிக் காட்டுற போட்டி) முதல் தடவை தோத்துட்டு விடிகாலைல கடல் பக்கம் போய்த் தனியா அழுது, முடியை வெட்டிக்கிட்டு வருவால்ல, அதுக்கு ஆஷ் காரணமே இல்ல. அவ தோல்வி, அவ முடிவு. பானி வேற, அந்தக் குட்டி சைகார்டை, ஸ்க்விஷியை, கடைசி வரைக்கும் விடாம நம்பினவ அவ. நாலு பேருக்கும் நாலு கதை, நாலும் ஒரே க்ளைமாக்ஸ்ல லூமியோஸ்ல வந்து முட்டுது. கட்டுமானம்னு பாத்தா இதுக்குப் பக்கத்துல ஒண்ணும் வராது.


கேஸ்கேட்_நீலம்:

பனி எபிசோட் நல்லா இருக்கு கார்த்தி, ஒத்துக்குறேன், ஆனா பாருங்க செரீனா அவனை எதிர்த்துக் கத்தினது ஒரு பெரிய நிகழ்ச்சியா நிக்குது, ஏன்னா அதுக்கு முன்னாடி அவ எதிர்த்ததே கிடையாது. மிஸ்டி வாரா வாரம் பண்ணினதை இவ ஒரு தடவை பண்ணதுக்கு நாம உருகுறோம்.


கலோஸ்_கார்த்தி:

வாரா வாரம் திட்டினா அது குணம். திட்டவே திட்டாதவ ஒரு நாள் திட்டினா அது முடிவு. ரெண்டும் வேற வேற எடை.


யாழ்_தீவான்:

எல்லாரும் நடக்கிறதைப் பற்றியே கதைக்கிறியள். அலோலாவை ஒருத்தரும் கணக்கிலேயே எடுக்கேல்ல. பயணம் எண்டால் தெருவில நடக்கத்தான் வேணுமோ?

2016 இல அலோலாவில நடக்கிற சன் அண்ட் மூன் தொடங்கேக்க எனக்கும் ஆஷ் பள்ளிக்கூடம் போறான் எண்டது விசித்திரமாத்தான் இருந்தது. ஆனா பாத்துக்கொண்டு போகப் போக விளங்கிச்சுது, மற்ற எல்லா சீசனிலயும் ஆஷுக்கு நண்பர்கள் இருந்தவை, வீடு இருக்கேல்ல. அலோலாவில பின்னேரம் வீட்டுக்குப் போறான், புரொஃபசர் குகுய் இருக்கிறார், பிறகு அவர் கலியாணம் கட்டின பர்னட் வாறா, மேசையில சாப்பாடு இருக்கு. அப்பா எண்ட ஒரு ஆளை இந்தத் தொடர் அவனுக்கு ஒருநாளும் காட்டேல்ல, குகுய் தான் அந்த இடத்தில நிண்டவர். கூடப் படிக்கிற ஐஞ்சு பேர், கியாவே, லானா, மேலோ, லில்லி, சோஃபோக்ளீஸ், ஒவ்வொருத்தருக்கும் குடும்பம் இருக்கு, அந்தக் குடும்பத்துக்குள்ள ஆஷ் போய் வாறான். கியாவேயின்ர பண்ணையில வேலை செய்யிறான், மேலோவின்ர கடையில சாப்பிடுறான்.

சாவைப் பற்றிக் கதைச்சதும் இந்தக் குழுதான். வயசான ஸ்டவுட்லேண்ட் செத்துப் போனாப்பிறகு அதோட இருந்த குட்டிப் போக்கிமான் லிட்டன் தனிச்சுப் போய் சாப்பிடாமல் கிடக்கேக்க ஆஷ் அதை விட்டிட்டுப் போகேல்ல. தாயை இழந்த மேலோ டாபு ஃபினி எண்ட காவல் போக்கிமானின்ர பனிமூட்டத்துக்குள்ள அம்மாவைக் காணுற எபிசோட் இருக்கு, அதுவரைக்கும் எல்லாருக்கும் சிரிச்ச முகத்தோட சாப்பாடு பரிமாறின பிள்ளை அது. லில்லிக்கு போக்கிமானைத் தொடவே ஏலாது, முட்டைக்குள்ளால வந்த ஸ்னோவியைத்தான் முதல் தொட்டவ. அந்தத் தொடுகைக்கு வகுப்பே மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. ஊர் ஊரா ஓடுற குழுவுக்கு இதுக்கெல்லாம் நேரம் கிடைக்காது. ஒரே இடத்தில இருந்தால்தான் ஒருத்தரின்ர வீட்டுத் துக்கம் மற்றவருக்குத் தெரியும்.

2019 இல மனாலோ கான்ஃபரன்ஸ் ஃபைனலில க்ளாடியனை வெண்டு முதன்முதலா ஒரு லீக் கப்பை எடுத்தான். இருபத்திரண்டு வருசமாக் கிடைக்காதது வீடு கிடைச்ச இடத்தில கிடைச்சது. எனக்கு அது தற்செயல் எண்டு தோணேல்ல.


ரிப்பன்_ராணி:

தீவான் அண்ணா, "ஒரே இடத்தில இருந்தால்தான் துக்கம் தெரியும்"னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு இத்தனை நாள் பிடிபடாம இருந்துச்சு. கான்டோவுக்கு அந்த அலோலா வகுப்பு சுற்றுலா வந்தப்போ மிஸ்டியும் ப்ராக்கும் வந்து நிப்பாங்களே, பழைய குழு புதுக் குழுவை நேர்ல பாக்குற அந்த எபிசோடுங்க ரெண்டும் சேத்துப் பாத்தா உங்க வாதம் இன்னும் பலமாகும், ஆஷுக்கு ரெண்டு விதமான நெருக்கம் இருக்குன்னு அங்க தெரியும்.


பிளாக்வைட்_பாண்டி:

யூனோவா பகுதிக் குழுவை ஒருத்தரும் தொடலயே. ஆஷ், ஐரிஸ், சைலன். எல்லா லிஸ்ட்லயும் கடைசில தள்ளிடுறாங்க, கேட்டா ஐரிஸ் எப்பப் பாத்தாலும் ஆஷை சின்னப் புள்ளன்னு சொல்லிட்டே இருந்தா, ஆஷ் மறுபடியும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி ஆயிட்டான்னு. ரெண்டாவது குறை நிஜம் தான், சின்னோல டோபியஸோட டார்க்ரையையே வீழ்த்தினவன் யூனோவாவுல வந்து அடிப்படையே மறந்த மாதிரி நிக்குறது எழுதினவங்க தப்பு. ஆனா அது குழுவோட தப்பு இல்ல.

இந்தக் குழுவுக்கு வெளிய இருந்து ஒரு அடியும் விழுந்துச்சு. 2011 மார்ச்ல டீம் ராக்கெட்டும் இன்னொரு வில்லன் கூட்டம் டீம் பிளாஸ்மாவும் மோதுற ரெண்டு பாக எபிசோட் வர்றதா இருந்துச்சு, ஜப்பான்ல அந்தப் பெரிய பூகம்பமும் சுனாமியும் வந்ததால நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் அது வரவே இல்ல. கதை எதை நோக்கிப் போயிட்டு இருந்துச்சோ அந்தத் தூண் நடுவுல இல்லாம போச்சு. சீசன் பாதில சும்மா திரியுற மாதிரி இருக்குன்னு சொல்றவங்க இதையும் சேத்து யோசிக்கணும்.

இப்போ ஐரிஸ். அவளோட எக்ஸ்கட்ரில் ட்ரேடன் தாத்தாவோட ஹாக்ஸரஸ்கிட்ட தோத்ததுல இருந்து அவ பேச்சைக் கேக்காம முகத்தைத் திருப்பிக்கிட்டு கூட வந்துட்டு இருக்கும். தன் பேச்சையே கேக்காத போக்கிமானைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியுற பொண்ணு தான் இன்னொருத்தனைச் சின்னப் புள்ளன்னு சொல்லுது, அதுல இருக்குற வலி புரிஞ்சா அவ மேல கோவம் வராது. அவ எங்க போய் நின்னா பாருங்க. பின்னாடி வந்த ஜர்னீஸ் தொடர்ல யூனோவா சாம்பியன். உலகத்துலயே சிறந்த எட்டுப் பேர் மோதுற மாஸ்டர்ஸ் எய்ட்ல ஆஷ் நிக்குற அதே எட்டுப் பேர்ல ஐரிஸும் ஒருத்தி, சின்தியாகிட்ட தான் தோத்தா. ஆஷ் கூட நடந்தவங்கள்ல அந்த உயரத்துக்குப் போனது அவ ஒருத்தி தான். கனவு கண்டவங்க நிறைய பேர், முடிச்சுக் காட்டினவ இவ. குழுவை அளக்குறப்போ அந்தக் குழுல இருந்து யாரு என்னவா ஆனாங்கன்னும் பாக்கணும்.


கலோஸ்_கார்த்தி:

ஐரிஸ் சாம்பியன் ஆனது அந்தக் குழுவால இல்லையே பாண்டி, அதுக்கப்புறம் தனியா பண்ணது தானே? மத்தபடி பூகம்ப விஷயம் சரியான பாயின்ட்.


பிளாக்வைட்_பாண்டி:

எக்ஸ்கட்ரில் மனசு மாறினது அந்தப் பயணத்துல தான். அது இல்லன்னா சாம்பியனும் இல்ல.


விரிடியன்_வழிப்போக்கன்:

இவ்வளவு நல்லா பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே த்ரெட் போட்டிருப்பேன்.

ஒரு விஷயம் சேத்துப் பேசணும். குழு மாறுறதுக்குக் காரணம் முக்கால்வாசி கதை இல்ல, கேம். ரூபி சஃபையர் 2002 நவம்பர், அதே மாசம் மே உள்ள வர்றா. டைமண்ட் பேர்ல் கேம் 2006 செப்டம்பர், அதே மாசம் டான். 2010 செப்டம்பர் பிளாக் வைட், ஐரிஸ். 2013 அக்டோபர் எக்ஸ் ஒய், செரீனா. புது கேம்ல இருக்குற முகம் திரைல வரணும், பழைய முகம் கிளம்பணும். மிஸ்டி போனது அதனால தான். ப்ராக்கை ஆரஞ்ச் தீவுக்கு முன்னாடி எடுத்துட்டு ட்ரேசியைப் போட்டதுக்குக் காரணம் வேற, ப்ராக்கோட சின்னக் கண்ணை வெளிநாட்டுல தப்பா எடுத்துப்பாங்களோன்னு பயந்தாங்கன்னு இயக்குனர் மசாமிட்சு ஹிடாகா பின்னாடி ஒரு பேட்டில சொல்லிருக்கார், அப்படி யாரும் குறை சொல்லலன்னதும் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ட்ரேசி பாவம், நல்ல பையன், படம் வரைவான், ப்ரொஃபசர் ஓக் கிட்ட உதவியாளா சேந்துட்டான், ஆனா அவன் போனப்போ குழுவுல ஒரு ஓட்டையும் விழல.

அதனால எனக்கு முக்கியமா படுறது என்னன்னா, வியாபாரத்துக்காகக் கிளம்பித் தான் ஆகணும்ங்கிற ஆளுக்கு, கிளம்ப ஒரு நிஜமான காரணத்தை எழுதினாங்களா இல்லையா. மிஸ்டிக்கு எழுதினாங்க, நீலம் சொன்ன அந்த சைக்கிளும் ஜிம்மும். ப்ராக்குக்கு எழுதினாங்க. செரீனாவுக்கு ஹோயன் கான்டெஸ்ட்னு ஒரு திசை குடுத்தாங்க, நல்லா இருந்துச்சு, ஆனா ஆஷைப் பிரியும்போது வந்த அந்த ஏர்போர்ட் எஸ்கலேட்டர் காட்சியைப் பத்தியே எல்லாரும் பேசி அவ எதுக்குப் போறாங்கிறது மறந்தே போச்சு.

ஜர்னீஸ்ல ஆஷ் கூட வந்த கோங்கிற பையன் பத்தி ஒரு வார்த்தை. 2019ல இருந்து 2022 வரைக்கும் வந்த ஜர்னீஸ் எனக்குக் குழுவாவே படல. செரிஸ் லேப் வெர்மிலியன்ல இருக்கு, வாரா வாரம் எங்கயாவது பறந்து போவாங்க, சாயங்காலம் திரும்ப வருவாங்க. கோவுக்கு மியூங்கிற அபூர்வப் போக்கிமானைப் பிடிக்கணும், ஆஷுக்கு சாம்பியன் லியானை ஜெயிக்கணும், ரெண்டு இலக்கும் ஒண்ணை ஒண்ணு தொடவே இல்ல. நல்ல காட்சிகள் இருக்கு, அந்த முதல் எபிசோட்ல ஓக் கேம்ப்ல கோ மியூவைப் பாக்குற அன்னிக்கு ஆஷ் தூங்கிட்டு வராம போயிருப்பான், அந்தத் தற்செயலை நான் ரசிச்சேன். ஆனா 2022 நவம்பர்ல லியானை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆகுற நேரத்துல கோ இல்லன்னாலும் அது நடந்திருக்கும்னு தான் எனக்குத் தோணுச்சு. டான் இல்லாம கவுன்ட்டர் ஷீல்டு வந்திருக்காது.


யாழ்_தீவான்:

கோவுக்கு அது கொஞ்சம் கடுமையான தீர்ப்பு. அவனுக்கு ஆஷைச் சந்திக்கிற வரைக்கும் கூட்டாளியெண்டு சொல்ல க்ளோயி ஒருத்திதான் இருந்தவ. மற்றவரோட சேந்து வேலை செய்ய அவன் படிச்சது ஆஷிட்டத்தான். மியூவைத் தேடுற ப்ராஜெக்ட் மியூவில மற்ற ஆக்களோட சேந்து போறான் எண்டால் அதுக்குக் காரணம் அந்த மூண்டு வருசம். போய்ச் சேந்தது ஒரு பக்கத்துக்கு மட்டும் எண்டு வேணுமெண்டால் சொல்லுங்கோ.


விரிடியன்_வழிப்போக்கன்:

அப்படிச் சொன்னா ஏத்துக்குறேன். ஒரு பக்கம் மட்டும். அதனால தான் என் கணக்குல கீழ நிக்குது.


கேஸ்கேட்_நீலம்:

2023 ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் வந்த அந்தப் பதினோரு எபிசோட் பத்தி யாரும் சொல்லல. ஆஷோட கதையை முடிக்கும்போது அவங்க யாரைக் கூப்பிட்டாங்க? மிஸ்டியும் ப்ராக்கும். உலக சாம்பியன் ஆன பிறகும் மிஸ்டி அவனை அதே மாதிரி தான் திட்டுறா, அவனும் அதே மாதிரி தான் எகிறுறான். பட்டம் வந்த மாதிரியே தெரியல அவங்க ரெண்டு பேருக்கும். டானா இருந்தா வாழ்த்தியிருப்பா, செரீனாவா இருந்தா கண் கலங்கியிருப்பா. ஆஷை வெறும் பல்லட் டவுன் பையனா பாக்குறதுக்கு இந்த ரெண்டு பேரால தான் முடியும், எழுதினவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கு.


டாட்_ரசிகை:

நான் ஆஷ் கதை முடிஞ்சப்புறம் வந்த ஹொரைசன்ஸ் தொடர்ல இருந்து பாக்க ஆரம்பிச்சவ, பழசெல்லாம் அப்புறமா தேடிப் பாத்தேன், அதனால என் கண்ணோட்டம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்.

நீங்க சொல்ற எல்லாக் குழுவுலயும் பெரியவங்களே கிடையாது. ப்ராக் தான் மூத்தவன், அவனும் பையன் தான். 2023 ஏப்ரல்ல வந்த ஹொரைசன்ஸ்ல ரைசிங் வோல்ட் டாக்லர்ஸ்னு ஒரு கூட்டம், அவங்களுக்கு ஒரு பறக்கும் கப்பல், ஃப்ரீட் தலைவர், முர்டாக் சமையல், ஓர்லா மெக்கானிக், மோலி மருத்துவம், லுட்லோ தாத்தா மேல உக்காந்து மீன் பிடிப்பார். நடுவுல லிகோ, ராய், டாட் மூணு பசங்க. பிள்ளைங்க தப்பு பண்ணா தாங்குறதுக்கு ஆள் இருக்கு, ஆனா முடிவு பிள்ளைங்க தான் எடுக்கணும். லிகோ ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள பத்து தடவை சொல்லிப் பாக்குற பொண்ணு. ஆஷ் கூட அப்படி ஒரு பொண்ணு நடந்திருந்தா அவன் வேகத்துக்கு அவ காணாமலே போயிருப்பா. இங்க கதையே அவ வேகத்துக்குத் தான் போகுது.

டாட் விஷயம் தான் எனக்கு ரொம்ப நெருக்கம். அவ கப்பல்ல தன் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்கா, யாரு முகத்தையும் பாக்க மாட்டா. ஆனா அந்த ரூம்ல இருந்தே நிடோதிங்குங்கிற வேஷத்துல வீடியோ போடுறா, லிகோ அந்த வீடியோவோட பெரிய ரசிகை, தனக்குப் பிடிச்ச ஆளு அதே கப்பல்ல ஒரு கதவுக்குப் பின்னாடி இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்து வெளிய வர்றதே ஒரு பயணமா எழுதிருக்காங்க. வழிப்போக்கன் அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில் இது, லிகோகிட்ட இருந்து டாட்டுக்குப் போனது வெளிய வர்ற தைரியம், டாட் கிட்ட இருந்து லிகோவுக்கு, அவ வர்றதுக்கு முன்னாடியே, ஒரு ஸ்க்ரீன் வழியா போய்ச் சேந்திருச்சு. தனக்குத் தெரியாமலே குடுத்திருக்கா.


ரிப்பன்_ராணி:

டாட்_ரசிகை சொன்ன பெரியவங்க விஷயம் புதுசா இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவு பேர் கப்பல்ல இருக்கும்போது ஓர்லா, லுட்லோ மாதிரி ஆளுங்களுக்குக் கதை கிடைச்சுதா? மேக்ஸுக்குக் கிடைச்ச அந்த ஒரு பேட்ஜ் எபிசோட் மாதிரி?


டாட்_ரசிகை:

முர்டாக்குக்கு இருக்கு அக்கா, பழைய கூட்டாளியோட பேக்கரி வெச்சிருந்து பிரிஞ்சுட்டு வந்தவர், அந்த ஆளைத் திரும்பப் பாக்குற எபிசோட் இருக்கு. மோலி நர்ஸ் ஜாய் குடும்பத்துப் பொண்ணு, போக்கிமான் சென்டர்ல உக்காந்து அடிபட்டவங்க வர்ற வரைக்கும் காத்திருக்க மனசு வராம, தானே தேடிப் போகணும்னு வேலையை விட்டவங்க. இத்தனை வருஷமா கவுண்டருக்குப் பின்னாடி ஒரே மாதிரி சிரிச்சுட்டு நின்ன நர்ஸ் ஜாய் குடும்பத்துல ஒருத்தி வெளிய வந்துட்டாங்கிறதே எனக்குப் போதும். அந்த எபிசோடை முதல்ல பாருங்க, பாத்துட்டு வந்து ப்ராக் பக்கத்துல இவங்களை வெச்சுப் பேசுவோம்.